தெனமும் ராத்திரி அந்த ரூமைத் துடைச்சவங்க

எங்க கேம்பஸ்ல அட்மின் பில்டிங் ரெண்டாவது மாடில ஒரு சின்ன ரூம் இருக்கு. ஒரு நல்ல நாற்காலி, குட்டி மேஜை, சுவத்துல ப்ளக் பாயிண்ட், உள்பக்கம் தாழ்ப்பாள். பிரசவம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பி வர்ற அம்மாக்கள் தாய்ப்பால் எடுத்து வைக்கிறதுக்கான ரூம். தெனமும் ராத்திரி பதினொன்றரை வாக்குல அந்த ரூமைத் துடைச்சு, குப்பைக்கூடைக்குப் புது கவர் போட்டுட்டுப் போறது ஒரு நேப்பாளப் பொண்ணு, அப்ப வீட்ல நாலு மாசக் கைக்குழந்தை. அவங்க எங்க உக்காந்து பால் எடுத்தாங்க தெரியுமா, அதே மாடில மாப் அலசுற தொட்டி இருக்கிற ஒடுக்கமான அறைல, ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, பினாயில் வாடைக்கு நடுவுல. இத்தனைக்கும் அந்த ரூமோட சாவி அவங்க இடுப்புலதான் தொங்குது. ஆனா கதவுல ஒட்டின பேப்பர்ல ஆன்லைன் காலண்டர்ல புக் பண்ணணும், காலைல 8 மணிலேருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும்னு போட்டிருந்துச்சு, அதைப் பாத்துட்டு இது ஆபீஸ்காரங்களுக்கு உள்ளதுன்னு அவங்களாவே ஒதுங்கிட்டாங்க. உங்களுக்கும் சேத்துதாம்மா இந்த ரூம்னு ஒருத்தரும் சொல்லல.

நான் அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியோட ஹெச்ஆர்ல வேலை பாக்குறேன். ஈஆர்ஜி (எம்ப்ளாயி ரிசோர்ஸ் க்ரூப்)ன்னு சொல்ற ஊழியர் குழுக்களை ஆரம்பிச்சு நடத்துறதுக்கு உதவுறது என் வேலைல ஒரு பாதி. அந்தப் பொண்ணு பக்கெட் மேல உக்காந்திருந்த காலத்துல எங்க கேம்பஸ்ல பேரண்ட்ஸ் ஈஆர்ஜின்னு ஒண்ணு நல்லாவே ஓடிட்டிருந்துச்சு, மாசாமாசம் புதன்கிழமை மத்தியானம் 12 மணிக்கு மீட்டிங், நல்ல கூட்டம், நல்ல பேச்சு. அந்த ரூம் பத்தி கூட ஒரு தடவை பேசினோம், நாற்காலி மாத்தணும்னு. ஒன்றரை வருஷம் அப்படியே போச்சு. ராத்திரி 10 மணிக்கு வேலைக்கு வர்றவங்க மத்தியானம் 12 மணிக்கு தூங்கிட்டிருப்பாங்கன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல, எனக்கும் தோணல, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் பின்னாடி போறேன். ஈஆர்ஜிங்கறது ஒரே மாதிரி பின்னணியோ ஒரே மாதிரி கஷ்டமோ உள்ள ஊழியர்கள் தாங்களா சேர்ந்து நடத்துற குழு, நிர்வாகம் இடமும் கொஞ்சம் பணமும் கொடுத்து அங்கீகரிக்கும். இதோட ஆரம்பம்னு எல்லாரும் சொல்றது ஜெராக்ஸ் கம்பெனிய, நம்ம ஊர்ல காப்பி எடுக்குற கடைக்கெல்லாம் பேரா ஆயிடுச்சே அதே ஜெராக்ஸ். அவங்க தலைமையிடம் இருந்த ராச்செஸ்டர்ல 1964 ஜூலைல பெரிய இனக் கலவரம், அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பின மக்களை வேலைக்கு எடுக்க முயற்சி எடுத்தாரு, ஆனா உள்ள வந்தவங்களுக்கு சம்பளத்துலயும் ப்ரமோஷன்லயும் பாகுபாடு தொடர்ந்துச்சு, அதைப் பேச அவங்களே ஒண்ணு சேர்ந்து 1970ல ஒரு காகஸ், அதாவது கறுப்பின ஊழியர்களோட குழு, உருவாச்சு. இதுல நான் கவனிக்கச் சொல்றது, அது சாப்பாட்டு விழாவுக்காகவோ போஸ்டருக்காகவோ வந்த குழு இல்ல. வேலைல என்ன நடக்குதுன்னு பேச வந்த குழு.

புதுசா ஈஆர்ஜி ஆரம்பிக்கிறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது சார்ட்டர் (குழுவோட நோக்கம், விதிகளை எழுதி வைக்கிற பேப்பர்) மாடல் இருக்கா, லோகோ யார் போடுவா, வருஷத்துக்கு எவ்ளோ பட்ஜெட் கிடைக்கும். நான் முதல்ல கேக்கச் சொல்றது நேரம். மாசத்துக்கு இத்தனை மணி நேரம், வேலை நேரத்துக்குள்ள, சம்பளத்தோட, மேலதிகாரி மறுக்குறதா இருந்தா காரணத்தை எழுத்துல கொடுத்துட்டு அதே மாசத்துல வேற நேரம் கொடுக்கணும். இது ஒரு பக்க மெமோவா யூனிவர்சிட்டி வைஸ் பிரசிடெண்ட் கையெழுத்தோட வரணும். இது இல்லாம ஆரம்பிச்ச குழு எப்படி ஆகும்னு நான் பாத்திருக்கேன், ப்ரொஃபசர்களும் ஆபீஸ் மேனேஜர்களும் மட்டும் வருவாங்க, ஏன்னா அவங்களுக்கு மாச சம்பளம், ஒரு மணி நேரம் எந்திரிச்சு போனா யாரும் கேக்க மாட்டாங்க. மெஸ்ல, லாண்டரில, பார்க்கிங் பூத்ல, ராத்திரி க்ளீனிங்ல மணிக்கணக்குக்கு சம்பளம் வாங்குறவங்களுக்கு அப்படி இல்ல, சூப்பர்வைசர் முகத்தைப் பாத்துதான் காலை எடுத்து வைக்கணும். சட்டமும் இதுல தெளிவா இருக்கு. மணிக்கணக்கு ஊழியர் ஒரு மீட்டிங்குக்கு வந்தா அதுக்கு சம்பளம் கொடுக்காம இருக்கணும்னா நாலு விஷயம் பொருந்தணும்: வேலை நேரத்துக்கு வெளில இருக்கணும், விருப்பப்பட்டு வந்திருக்கணும், வேலையோட நேரடி சம்பந்தம் இருக்கக் கூடாது, அந்த நேரத்துல வேற வேலை செய்யக் கூடாது. நாலுல ஒண்ணு தவறினாலும் அது சம்பள நேரம்தான். டைம்ஷீட்ல போடாதீங்க, லஞ்ச்ல வந்துட்டுப் போங்கன்னு சொல்ற சூப்பர்வைசருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது ஹெச்ஆர் பொறுப்பு.

மெமோ வந்த பிறகு பேரண்ட்ஸ் ஈஆர்ஜியோட ஒரு மீட்டிங்கை ராத்திரி 10.15க்கு வெச்சோம். ஷிப்ட் ஆரம்பிக்கிற இடத்துலயே, ஃபெசிலிட்டீஸ் பில்டிங் ப்ரேக் ரூம்ல. முன்னாடியே யூனியன் ஸ்டூவர்ட்டை, அதாவது வேலை இடத்துல யூனியன் பிரதிநிதியா இருக்கிறவரை, பாத்து பேசிட்டேன், பேசாம போயிருந்தா இது யூனியனை உடைக்க நிர்வாகம் செய்ற வேலைன்னு நெனச்சிருப்பாங்க, அப்படி நெனைக்க அவங்களுக்கு காரணமும் இருக்கு. ஆறு பேர் வந்தாங்க. முதல் இருபது நிமிஷம் யாரும் வாயத் திறக்கல, ஹெச்ஆர் பேட்ஜ் போட்டுட்டு ஒருத்தி வந்து உக்காந்தா யாரு பேசுவா. பேட்ஜைக் கழட்டி பைக்குள்ள வெச்சுட்டு என் பையன் பொறந்தப்ப நான் பட்ட பாட்டைச் சொன்னேன். அப்புறம்தான் கடைசி நாற்காலில இருந்த அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தவங்ககிட்ட நேப்பாளில ஏதோ சொல்ல, அவங்க இங்கிலீஷ்ல சொன்னாங்க, அந்தப் பக்கெட் கதையை.

2010லேருந்தே மணிக்கணக்கு ஊழியருக்கு வேலை இடத்துல தாய்ப்பால் எடுக்குற உரிமை சட்டத்துல இருக்கு, 2022 டிசம்பர்ல வந்த பம்ப் ஆக்ட் அதை இன்னும் நிறைய பேருக்கு விரிச்சுது. குழந்தை பொறந்து ஒரு வருஷம் வரைக்கும், தேவைப்படுறப்பெல்லாம் ப்ரேக், பாத்ரூமா இல்லாத, வெளிலேருந்து தெரியாத, யாரும் நுழையாத இடம். எங்க கேம்பஸ்ல இடமும் இருந்துச்சு சட்டமும் இருந்துச்சு. அடுத்த வாரம் அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டு, எல்லா ஊழியருக்கும், எந்த ஷிப்ட்டுக்கும், புக்கிங் வேண்டாம்னு நாலு மொழில புதுசா ஒட்டினோம். ஒரு குட்டி ஃப்ரிட்ஜும் வந்துச்சு. ஒரு ஈஆர்ஜி செய்யக் கூடிய வேலை இதுதான்னு நான் நம்புறேன், ஹெச்ஆர் கண்ணுக்குப் படாததைப் பட வைக்கிறது.

அதே நேரம் ஈஆர்ஜி என்ன செய்யக் கூடாதுன்னும் முதல் நாளே சொல்லிடணும். சம்பளம், வேலை நேரம் இதுக்கெல்லாம் நிர்வாகத்தோட பேரம் பேசற இடம் அது இல்ல. தனியார் யூனிவர்சிட்டிக்குப் பொருந்துற 1935ம் வருஷ தொழிலாளர் உறவுச் சட்டத்துல, நிர்வாகம் காசு கொடுத்து வளக்குற தொழிலாளர் அமைப்புக்குத் தடை இருக்கு, 1992ல எலெக்ட்ரோமேஷன்னு ஒரு கம்பெனி தானே அமைச்ச ஊழியர் கமிட்டிகள் சட்டவிரோதம்னு தொழிலாளர் வாரியம் சொல்லிடுச்சு. ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு அந்தச் சட்டம் இல்ல, அந்தந்த ஸ்டேட் சட்டம்தான், ஆனா எங்க பழக்கம் ஒண்ணுதான்: பிரச்சனையைக் கொண்டு வாங்க, பேரத்தை யூனியனுக்கு விட்டுடுங்க.

அதே மாதிரி புகார் கொடுக்குற இடமும் அது இல்ல. பல யூனிவர்சிட்டில பாலியல் தொந்தரவு பத்தி காதுல விழுந்தா டைட்டில் நைன் (கல்வி நிலையங்கள்ல பாலினப் பாகுபாட்டைத் தடுக்குற சட்டம்) ஆபீஸுக்கு சொல்லியே ஆகணும்ங்கற கடமை பெரும்பாலான ஊழியர்களுக்கு உண்டு. ஒரு பொண்ணு நம்பிக்கையா குழுவுல மனசத் திறந்து பேசினப்புறம், ஸாரி நான் இதை ரிப்போர்ட் பண்ணணும்னு தலைவர் சொன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கும். அதனால ஒவ்வொரு மீட்டிங் ஆரம்பத்துலயும் ரெண்டு வரி சொல்லணும், இங்க யார் யாருக்கு அந்தக் கடமை இருக்கு, ரகசியமா பேச கவுன்சலர் எங்க இருக்காரு. இன்னொண்ணு, ஸ்டேட் யூனிவர்சிட்டில நம்ம ஈமெயில், வருகைப் பட்டியல் எல்லாம் பொது ஆவணச் சட்டத்துக்குள்ள வரும், வெளியாள் ஒருத்தர் கேட்டா கொடுக்க வேண்டி வரலாம். தன்பாலின ஊழியர் குழு மீட்டிங்குல பேர் எழுதி கையெழுத்து வாங்குற நோட்டு ஒண்ணை நான் பாத்து அன்னைக்கே நிறுத்தச் சொன்னேன். எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கை மட்டும் போதும், பேர் எதுக்கு.

இப்ப இருக்கிற சூழ்நிலையையும் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் பயந்து போய் குழுவையே கலைச்சுடுறாங்க. டெக்ஸஸ்ல எஸ்பி 17ன்னு ஒரு சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்து அரசு யூனிவர்சிட்டிகள்ல டைவர்சிட்டி ஆபீஸ்களை, அதாவது பல பின்னணி ஆளுங்களுக்கும் இடம் கொடுக்குறதுக்கான ஆபீஸ்களை, மூட வெச்சுது. 2025 மார்ச்ல ஃபெடரல் வேலைவாய்ப்பு சமத்துவ கமிஷன், ஊழியர் குழுக்கள்ல இனம் பாலினம் பாத்து ஆளைச் சேக்குறது, ஒதுக்குறது 1964 சிவில் உரிமைச் சட்டத்தோட ஏழாவது பிரிவுக்கு எதிரா போகலாம்னு வெளிப்படையா எழுதிச்சு. என் கருத்து, இதுல ஒரு பாதி நாம முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியது. குழு எல்லா ஊழியருக்கும் திறந்திருக்கணும், சார்ட்டர்ல எழுத்துல இருக்கணும், நடைமுறைலயும் அப்படித்தான் இருக்கணும். பேரண்ட்ஸ் குழுவுக்கு குழந்தை இல்லாத ஒரு லைப்ரேரியன் வர்றாரு, வயசான அப்பாவைப் பாத்துக்குறவரு, அவராலதான் முதியோர் பராமரிப்பு லீவு பத்தி பேச்சே வந்துச்சு. ஆனா திறந்து வைக்கிறது வேற, கலைக்கிறது வேற. உங்க ஸ்டேட் சட்டம் என்ன சொல்லுதுன்னு யூனிவர்சிட்டி வக்கீல்கிட்ட எழுத்துல வாங்குங்க, வதந்தியைக் கேட்டு மூடாதீங்க.

நம்ம ஆளுங்க அதிகம் இருக்கிறது இன்டர்நேஷனல் ஊழியர் குழுவுல, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. தீபாவளி கொண்டாடுறது நல்ல விஷயம்தான், ஆனா அதோட நின்னுடக் கூடாது. பாடம் நடத்துற ஃபேகல்டிக்கு க்ரீன் கார்டு வழில ஒரு சலுகை இருக்கு, வேலைக்கு எடுத்தப்ப நடத்தின ஆள் தேர்வையே வெச்சு, தொழிலாளர் துறைகிட்ட வாங்க வேண்டிய லேபர் சர்ட்டிபிகேஷனுக்குப் போடலாம், ஆனா தேர்ந்தெடுத்த நாள்லேருந்து 18 மாசத்துக்குள்ள போட்டாகணும். எங்க குழுவுல ஒரு தம்பிக்கு இது தெரிய வந்தப்ப 17வது மாசம். அவரோட டிபார்ட்மெண்ட்ல யாருக்கும் தெரியல, டென்யூர்ங்கற நிரந்தர வேலை வரட்டும் பாத்துக்கலாம்னு இருந்திருக்காங்க. பக்கத்து சீட்ல காபி குடிச்சுட்டிருந்த ஒரு சீனியர் ப்ரொஃபசர் ஜாயின் பண்ணி எவ்ளோ நாளாச்சுப்பான்னு சும்மா கேட்டதுலதான் தப்பிச்சாரு. இப்ப புது ஃபேகல்டி லெட்டரோடவே அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுக் கொடுக்குறோம். 2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை, புது ஹெச்1பி மனுவுக்கு 1,00,000 டாலர்னு அறிவிப்பு வந்த ராத்திரி, ஊருக்குப் போயிருந்தவங்க ஏர்போர்ட்ல நின்னு அழுதுட்டு போன் பண்ணினாங்க, ஏற்கனவே விசா வெச்சிருக்கிறவங்களுக்கு இது இல்லன்னு அரசாங்கம் தெளிவுபடுத்த மறுநாள் ஆச்சு. அந்த இடைவெளில அவங்க கூட பேசிட்டிருந்தது இந்தக் குழுதான், ஆபீஸ் எல்லாம் பூட்டியாச்சே.

பணம் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. பல ஸ்டேட் யூனிவர்சிட்டில ஜூன் 30க்குள்ள செலவு பண்ணலன்னா போயிடும், சாப்பாடு பெரும்பாலும் கேம்பஸ் கேட்டரிங்ல மட்டும்தான் வாங்க முடியும், விலை ரெண்டு மடங்கு, முதல் வாரமே ரூல் கேட்டு வெச்சுக்கோங்க.

பணத்தை விட தலைவர்களைப் பாத்துக்குறதுதான் கஷ்டம். ஒருத்தரே நாலு வருஷமா தலைவரா இருப்பாரு, அதே ஆளைத்தான் எல்லா கமிட்டிக்கும் கூப்பிடுவாங்க, மாணவர்களும் அவர் கதவைத்தான் தட்டுவாங்க. இதுக்கு 1994லயே அமாடோ பாடில்லாங்கற ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் கல்ச்சுரல் டாக்ஸேஷன்னு பேர் வெச்சாரு, அதாவது சிறுபான்மையில இருக்கிறதாலயே கட்ட வேண்டியிருக்கிற வரி. எங்க குழுக்கள்ல இப்ப ரெண்டு தலைவர்கள், ரெண்டு வருஷம், அதுக்கு மேல இல்ல, ஒருத்தர் ஃபேகல்டின்னா இன்னொருத்தர் ஸ்டாஃப். ஃபேகல்டிக்கு அது சர்வீஸ் (பாடம், ஆராய்ச்சி போக யூனிவர்சிட்டிக்காக செய்ற வேலை) கணக்குல ஏறும்னு டீன் லெட்டர் கொடுக்கணும், ஸ்டாஃபுக்கு வருஷாந்திர மதிப்பீட்டுல வரணும். குழுவுக்கு ஆதரவா ஸ்பான்சர்னு வர்ற பெரிய அதிகாரிகிட்டயும் நான் ஒண்ணுதான் கேப்பேன், விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்ட வேண்டாம், மெமோவை மதிக்காத சூப்பர்வைசருக்கு நீங்க போன் பண்ணுவீங்களா.

ராத்திரி மீட்டிங் இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நடக்குது, அந்த நேப்பாளப் பொண்ணுதான் கூப்பிடுறாங்க, குழந்தை நடக்க ஆரம்பிச்சிடுச்சு. போன தடவை முடிஞ்சு வெளில வர்றப்ப அவங்க என்னை நிறுத்தி, மெஸ்ல தட்டு கழுவுற ஒரு பொண்ணு ஏழு மாசம் கர்ப்பம், அவங்களும் இங்க வரலாமான்னு கேட்டாங்க. மெஸ் ஊழியர்கள் எங்க சம்பளப் பட்டியல்ல இல்ல, கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க, எங்க மெமோ அவங்களுக்குச் செல்லாது, அவங்களைக் குழுவுல சேத்தா நாமளும் முதலாளின்னு ஆயிடுமோன்னு வக்கீலுக்கு யோசனை. அந்த ரூம் மட்டும் அவங்களுக்கும் திறந்திருக்குன்னு அன்னைக்கே சொல்லி அனுப்பினேன். மீதிக்கு, மெஸ் கான்ட்ராக்ட் ஜூலைல புதுப்பிக்க வருது, ஊழியர் குழுவுக்கு சம்பளத்தோட நேரம்னு ஒரு வரியை அதுல சேக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன்.