பிளட் லைபல்: தமிழில் எப்படிச் சொல்வது?

செய்திகளில் ‘பிளட் லைபல்’ வந்தால் தமிழில் ‘இரத்த அவதூறு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சடங்குக்காகக் கொல்கிறார்கள், அந்த இரத்தத்தை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று இடைக்கால ஐரோப்பாவில் கட்டிவிட்ட புளுகுதான் அது. யூத மதத்தில் இரத்தம் உண்பது அடியோடு விலக்கு. இறைச்சியில் உப்பைத் தடவி வைத்து இரத்தத்தை இறக்கிய பிறகுதான் சமைப்பார்கள். அவர்கள் மேல் போய் இந்தக் கதை!

‘லைபல்’ லத்தீன் ‘லிபெல்லுஸ்’ என்பதிலிருந்து வந்தது. முதலில் சிறு நூல், பிறகு எழுத்தில் கொடுக்கும் புகார், கடைசியில் அவதூறு என்று பொருள் நகர்ந்தது. எபிரேயத்தில் ‘அலிலத் தாம்’: ‘தாம்’ இரத்தம், ‘அலிலா’ இட்டுக்கட்டிய குற்றச்சாட்டு.

இங்கிலாந்தில் இதற்குப் பேர்போன வழக்கு லிங்கன் நகரத்தது. 1255 ஜூலை கடைசியில் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஹியூ காணாமல் போனான், ஒரு மாதம் கழித்துக் கிணற்றில் பிணமாகக் கிடைத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய யூதக் குடும்பத்துக் கல்யாணத்துக்காக வெளியூர் யூதர்கள் பலர் ஊரில் கூடியிருந்தார்கள், சந்தேகம் கிளப்ப அது போதாதா? கோபின் என்ற யூதரைப் பிடித்து, ‘ஒப்புக்கொண்டால் உயிர் தப்பலாம்’ என்று ஆசை காட்டி வாக்குமூலம் வாங்கினார்கள். மூன்றாம் ஹென்றி மன்னன் வந்தான், அந்த வாக்குறுதி செல்லாது என்றான், கோபினைத் தெருவில் குதிரையில் கட்டி இழுத்துத் தூக்கில் போட்டார்கள். 90-க்கும் மேற்பட்ட யூதர்களை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்; கிறிஸ்தவர்கள் மட்டுமே இருக்கும் ஜூரியின் தீர்ப்புக்குக் கட்டுப்பட மாட்டோம் என்ற 18 பேரும் தூக்கில் தொங்கினார்கள். பின்னணியில் பணம் இருந்தது. யூதர்களிடமிருந்து வரும் வருமானத்தை மன்னன் அந்த ஆண்டுதான் தம்பி ரிச்சர்டிடம் அடகு வைத்திருந்தான். ஆனால் தூக்கிலிடப்பட்டவனின் சொத்து மன்னனுக்கே சேரும். இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

பையனைப் பேராலயத்தில் அடக்கம் செய்து ‘குட்டிப் புனிதர் ஹியூ’ ஆக்கினார்கள். 1200-இல் இறந்த லிங்கன் ஆயர் ஒருவரும் புனித ஹியூதான், அதனால் இவன் ‘குட்டி’. ரோம் இவனுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கவே இல்லை.

அப்புறம் ஹியூவைப் பற்றிய பாட்டு. நாட்டார் பாடல்களைத் தொகுத்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் வரிசையில் இது 155-வது. பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், பந்து யூதர் வீட்டுக்குள் விழுகிறது, அந்த வீட்டுப் பெண் ஆப்பிளைக் காட்டி ஹியூவை உள்ளே கூப்பிட்டுக் கத்தியால் குத்திக் கிணற்றில் போட்டுவிடுகிறாள். தேடி வரும் தாய்க்குக் கிணற்றுக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் பதில் சொல்கிறது. கதையாகக் கேட்டால் நெஞ்சைப் பிசையும், அதுதான் இதிலுள்ள விஷம். 1290-இல் முதலாம் எட்வர்ட் யூதர்களை நாட்டைவிட்டே துரத்திவிட்டான், 17ஆம் நூற்றாண்டு நடுப்பகுதிவரை அவர்கள் அங்கே வெளிப்படையாக வாழ முடியவில்லை. ஆனாலும் 1765-இல் தாமஸ் பெர்சி தொகுப்பு வெளியிட்டபோது இந்தப் பாட்டு அதில் இருந்தது. அமெரிக்காவுக்குப் போன பிறகு சில வடிவங்களில் யூதர் மகள் ‘டியூக் மகள்’ ஆகிவிட்டாள், 1929-இல் பதிவான ஒரு இசைத்தட்டில் அவள் ஜிப்சிப் பெண்! பழி போட ஆள் மாறலாம், பாட்டு மாறாது போலிருக்கிறது.

1955-இல் லிங்கன் பேராலயம் அந்தக் கல்லறையருகே ஒரு பலகை வைத்து, இவை புனைகதைகள், இவற்றால் அப்பாவி யூதர்கள் உயிரிழந்தார்கள் என்று ஒப்புக்கொண்டது. எழுநூறு வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, தமிழ்ச் சொல். ‘இரத்தப்பழி’ என்று போடலாமே என்று தோன்றும். வேண்டாம். தமிழ் பைபிளில் ‘இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்’ என்று 51ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே அது உண்மையாகவே கொலை செய்தவன் மேல் நிற்கும் குற்றம். பொய் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும், ஆகவே என் தேர்வு ‘குருதிப் பொய்ப்பழி’. ஆனால் லிங்கன் வழக்குக்கு இதுகூடக் கச்சிதமாகப் பொருந்தாது. அங்கே சுமத்தியது பையனைச் சிலுவையில் அறைந்து கொன்றதாக. இரத்தம் எடுத்தார்கள் என்ற கதை ஜெர்மனியின் ஃபுல்டாவில் 1235-இல் கிளம்பியது. லிங்கன் மாதிரியானவற்றுக்கு ‘நரபலிப் பொய்ப்பழி’ என்பது சரியாக இருக்கும். பெயர்ச்சொல் கனமாகத் தெரிந்தால் ‘நரபலி கொடுத்ததாக அபாண்டம் சுமத்தினார்கள்’ என்று எழுதிவிடுங்கள், யாருக்கும் புரியும்.