ஓட்டுப் போட்டால் கடல் தப்புமா?

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதில் முருகைக்கல் தெரியும். கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறையை வெட்டி எடுத்த கல் அது. சுவருக்கும் சுண்ணாம்புக்கும் அப்புறம் ஆலைகளுக்கும் மன்னார் வளைகுடாவிலிருந்து பல காலம் போனது. 1986இல் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு மூழ்கியே போய்விட்டது. 1952 முதல் நாம் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பிறகு பாறை ஏன் தப்பவில்லை?

மக்களாட்சி இருந்தால் சுற்றுச்சூழல் தப்புமா என்ற இந்தக் கேள்வி பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்ட பொருளியல் ஆய்வுகளிலும் வருகிறது. முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் பணக்கார நாடுகளில் மக்களாட்சியும் சுத்தமான காற்றும் நீரும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஏழை நாடுகளில் அந்தத் தொடர்பு தளர்ந்துவிடுகிறது.

காரணம் புரிய ஜப்பானின் மினமாட்டாவுக்குப் போக வேண்டும். அதுவும் மீனவர் ஊர்தான். ஓர் ஆலை பாதரசக் கழிவைக் குடாவில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்துச் செத்தன, பிறகு மனிதர்களுக்கு நரம்பு கெட்டது. 1956இல் நோய் வெளியே தெரிந்தது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். அந்த 12 ஆண்டும் ஜப்பான் தேர்தல் நடக்கும் நாடுதான். ஆனால் ஊரில் பாதிப் பிழைப்பு ஆலையை நம்பி இருந்தது. நோயாளிகளைச் சொந்த ஊர்க்காரர்களே ஒதுக்கினார்கள். இதற்கிடையில் நாடு செழித்தது, நகரங்களில் புகை மூச்சை அடைத்தது, வழக்குகள் வந்தன. 1970இல் ஒரே கூட்டத்தொடரில் 14 மாசுச் சட்டங்கள் நிறைவேறின. ஓட்டு அப்படியேதான் இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் குறைந்ததும், யாரால் கெட்டது என்று ஊரறியத் தெரிந்ததும்தான் அதற்குப் பலம் வந்தது.

நம் கரைக்கு வருவோம். இறால் பண்ணைகளால் கிணற்றுத் தண்ணீர் உப்பானபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கரையை ஒட்டிக் கட்டுப்பாடுகள் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அப்படிப்பட்ட பண்ணைகள் கூடாது என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. தீர்ப்பும் சட்டமும் மக்களாட்சி தந்தவைதான். ஏற்றுமதிப் பணம் ஒரு பக்கம் இழுக்க, குடிதண்ணீர் மறுபக்கம் இழுத்தது. இறாலைத் தின்பவர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சுத்தமாக இருக்கிறார். உப்பு இங்கே தங்குகிறது. பணக்கார நாடுகளின் சுத்தத்தில் ஒரு பங்கு இப்படி இடம் மாற்றிய அழுக்கு என்பதை நான் மறக்க மாட்டேன். பெரிய திட்டங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் 1997 முதல் கட்டாயம். ஆனால் அதற்கு வந்து உட்காரும் மீனவருக்கு அன்றைய கடல் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

கரியமில வாயு விஷயம் இன்னும் கடினம். ஆலைக் கழிவு அந்த ஊர்க்காரர் மூக்கில் ஏறும், கரியமிலம் ஏறாது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. சூடு தாங்காத பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது, நீடித்தால் செத்துப்போகும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு, எங்கெங்கோ எரித்த நிலக்கரியும் எண்ணெயும் விட்ட கரியமிலத்தால் வந்தது. அங்கே நமக்கு ஓட்டு இல்லை.

அப்படியென்றால் ஏழைக் கரைக்கு வழியே இல்லையா? பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி பறிப்பதுதான் அவர்கள் சோறு. மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். முடிவெடுத்தவரும் கூலி இழப்பவரும், பாசி அழிந்தால் பட்டினி கிடப்பவரும் ஒரே ஆள். ஏப்ரல், மே, ஜூன் பாசி தழைக்கும் காலம். அந்த மூன்று மாதமும் அவர்கள் பாசிக்குப் போவதில்லை.