கணக்கில் விழுந்த காசு திரும்பிப் போகும்போது

போன மாதம் காரைதீவில் இருந்து ஒரு தங்கச்சி தாயோடு என் கல்முனை அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வீடியோ எடிட்டிங் செய்கிறவள். இன்ஸ்டகிராமில் பழக்கமான ஒரு வெளிநாட்டு உடற்பயிற்சி ஆசிரியருக்கு 16 சின்ன வீடியோக்கள் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். பேசிய காசு 640 டொலர். இணையம் வழியாகக் காசு அனுப்பவும் வாங்கவும் உதவும் பேபாலில், லண்டனில் இருக்கும் தாய்மாமனின் கணக்குக்கு அது வந்தது. மாமா ஒரு சதமும் எடுக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டார். அந்தக் காசில் ஒரு மொனிட்டரும் யூபிஎஸ்ஸும் வாங்கியாயிற்று. காசு வந்து நாலாம் மாதம் பார்த்தால் மாமாவின் கணக்கு மைனஸில் நிற்கிறது.

"மிஸ், வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்திட்டன். அவரும் நல்லா இருக்கெண்டுதான் சொன்னவர். பிறகெப்படிக் காசத் திருப்பி எடுக்க ஏலும்?"

எடுக்க ஏலும். அதைத்தான் சார்ஜ்பேக் என்கிறோம். அட்டையால் கட்டியவர் தன்னுடைய வங்கிக்குப் போய், "சொன்ன சேவை கிடைக்கவில்லை" என்றோ, "இந்தக் காசை நான் கட்டவே இல்லை" என்றோ முறையிடுகிறார். அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்ட் வலையமைப்பு வழியாகக் காசைப் பின்னோக்கி இழுக்கிறது. பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு விசாவில் 120 நாள் வரை அவகாசம் உண்டு. பேபாலுக்குள்ளேயே டிஸ்பியூட், அதாவது முறைப்பாடு, திறப்பதென்றால் காசு கட்டிய நாளில் இருந்து 180 நாள். ஆறு மாதம்! கணக்கில் காசு விழுந்ததும் கதை முடிந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆறு மாதமும் அது பாதி நம்முடைய காசுதான்.

கல்முனைக்கு வந்து கணக்கு வேலை தொடங்குவதற்கு முன்னர் நான் கொழும்பில் ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில் 7 வருசம் இருந்தேன். அங்கே நான் நின்றது மற்றப் பக்கம். அட்டைக்காரர் முறையிடுவார், விற்றவரின் பதில் கோப்பாக வரும், அதைத் திறந்து பார்ப்பது என் வேலை. ஒரு கோப்புக்கு நிமிடக் கணக்கில்தான் நேரம் கிடைக்கும். வேலை நன்றாகச் செய்யப்பட்டதா என்று அந்த மேசையில் யாரும் அளப்பதில்லை. முறைப்பாட்டில் எழுதியிருக்கும் காரணத்துக்கு இந்தக் காகிதம் பதில் சொல்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். "சேவை கிடைக்கவில்லை" என்பது முறைப்பாடு என்றால், என்ன தேதியில், எந்த முகவரிக்கு, என்ன கோப்பு அனுப்பப்பட்டது, பெற்றவர் எந்தச் சொல்லில் ஏற்றுக்கொண்டார் என்பது வேண்டும். நாலு பக்கத்தில் இதை ஒழுங்காக வைத்தவர் வென்றதைப் பார்த்திருக்கிறேன். அறுபது ஸ்கிரீன்ஷொட்டைக் கொட்டி, நடுவில் எங்கேயோ "ஓகே" என்று ஒரு வரி இருந்தும் தோற்றவரையும் பார்த்திருக்கிறேன். அந்த வரியைத் தேடிக்கொண்டிருக்க அங்கே ஆளுக்கு நேரமில்லை.

தங்கச்சியின் போனை வாங்கிப் பார்த்தேன். வட்ஸ்அப் முழுக்க வொய்ஸ். வேலையை விளக்கியது வொய்ஸ், திருத்தம் சொன்னது வொய்ஸ், "சூப்பர்" என்று பாராட்டியதும் 9 விநாடி வொய்ஸ். எழுத்தில் இருந்தது கை கூப்பும் படமும் தம்ஸ்அப்பும்தான். கோப்புகளை கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பியிருக்கிறாள். இடம் பற்றாமல் போனதால் இரண்டு மாதம் கழித்து அவளே அவற்றை அழித்தும் விட்டாள். அவள் ராப்பகலாகச் செய்த வேலைக்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லாமல் போயிற்று.

ஆகவே வொய்ஸில் பேசுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பேசி முடித்த கையோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இன்று பேசியபடி இத்தனை வீடியோ, இத்தனை நிமிடம், இரண்டு முறை திருத்தம், இவ்வளவு டொலர், இந்தத் தேதி, சரியென்றால் பதில் எழுதவும். அந்த ஒரு வரிப் பதில் வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். முடித்துக் கொடுக்கும்போதும் அப்படியே, "ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுத்தில் வாங்குங்கள். கிளையன்ட் உங்கள் வேலையைத் தன் பக்கத்தில் போட்டவுடன் தேதி தெரிய அதைப் படம் பிடித்து வையுங்கள். வாங்கவில்லை என்று சொல்கிறவர் அதைப் பாவித்துக்கொண்டிருக்கிறார் என்பதைவிடப் பலமான சாட்சி கிடையாது. இவற்றை ஆறு மாதத்துக்காவது அழிக்காதீர்கள்.

எழுத்து இருந்தும் காப்பாற்றாத ஓர் இடமும் உண்டு. உங்களுக்குக் கட்டப்பட்டது திருட்டு அட்டையாக இருந்தால், உண்மையான சொந்தக்காரர் முறையிடும்போது நீங்கள் வேலை செய்த ஆதாரம் பெரும்பாலும் எடுபடாது. அவர் உங்களிடம் வேலையே கேட்கவில்லையே. முதல் நாளே பேரம் பேசாமல் முழுக்காசும் கட்டுகிறவர், அதைவிடப் பேசியதற்கு மேலாகக் கட்டிவிட்டு "மிச்சத்தை இன்னொரு கணக்குக்கு அனுப்பு" என்கிறவர், இந்த இரண்டு பேரிடமும் கவனம். மிச்சத்தைத் திருப்ப வேண்டுமென்றால் வந்த அதே கொடுப்பனவில் ரீஃபண்ட் பண்ணுங்கள். வேறு வழியால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பினால், பிறகு சார்ஜ்பேக் வரும்போது அந்தக் காசு இரண்டு தரம் போகும்.

இணையத்தில் வேலை எடுத்துக் கொடுக்கும் அப்வேர்க் போன்ற தளங்களில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. நிலையான விலை வேலையில் ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும், அதாவது வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும், உரிய காசு முதலில் எஸ்க்ரோவில், அதாவது தளம் நடுவில் பிடித்து வைக்கிற கணக்கில், விழ வேண்டும். விழாமல் தொடங்கக் கூடாது. நீங்கள் வேலையை முறைப்படி சமர்ப்பித்து 14 நாள் கிளையன்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் காசு தானாக விடுபடும். சாட் செய்தியில் கோப்பை அனுப்பிவிட்டுச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தாமல் விட்டால் இந்த 14 நாள் தொடங்கவே தொடங்காது. மணித்தியால வேலையில் நேரத்தைப் பதியும் டிராக்கர் ஓடிய நேரத்துக்குத்தான் பாதுகாப்பு. மார்கழி மழைக்குக் கரண்ட் போய், பிறகு கையால் சேர்த்த மணித்தியாலங்களுக்கு அது இல்லை. தளத்தின் கொமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று கிளையன்டைத் தளத்துக்கு வெளியே கூட்டிவருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: நீங்கள் விட்டுவருவது கொமிஷனை மட்டுமல்ல, இந்த எஸ்க்ரோவையும்தான்.

இனி மாமாவின் கணக்கு. இலங்கையில் திறக்கிற பேபால் கணக்கால் நீண்டகாலமாகக் காசு அனுப்ப மட்டும்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை. அதனால்தான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ வீடுகளில் லண்டன் மாமாவும் சுவிஸ் சித்தப்பாவும் இதற்குள் வந்தார்கள். பாசத்தில் செய்கிற உதவி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடன்காரர். மைனஸைக் கட்டச் சொல்லி அவருக்குத்தான் கடிதம் வரும். இந்தத் தங்கச்சியின் விடயத்தில் கட்டணம் மிச்சமாகும் என்று கிளையன்ட் நண்பர், உறவினருக்கு அனுப்புவதற்கான "ஃபிரெண்ட்ஸ் அன்ட் ஃபமிலி" என்ற வழியால் அனுப்பியிருந்தார். அதில் டிஸ்பியூட் வராது என்று அவள் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தக் காசு கடனட்டையில் இருந்து வந்திருந்தால் அட்டை வங்கி வழியாக அதையும் இழுக்கலாம், பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்போ அந்த வழிக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் வாசல் திறந்த வீடு.

பேபால் போன்ற இன்னொரு சேவையான பேயோனியரில் உங்கள் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம். அங்கேயும் கிளையன்ட் அட்டையால் கட்டினால் சார்ஜ்பேக் வரக்கூடும். வங்கி மாற்றத்தால் வந்த காசை அட்டைபோல நினைத்தவுடன் திருப்ப முடியாது. பெரிய தொகைக்கு நான் எப்போதும் வங்கி மாற்றத்தையே கேட்கச் சொல்வேன்.

வழக்குப் போடலாமா என்று தாய் கேட்டார். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டப்படி மின்னஞ்சலில் செய்த உடன்படிக்கையும் செல்லும். ஆனால் வேறு நாட்டில் இருக்கும் ஒருவரை 640 டொலருக்காக இங்கிருந்து துரத்துகிற செலவு அந்தக் காசைவிடக் கூடும். அதை மறைக்காமல் சொன்னேன்.

அன்றே உட்கார்ந்து இருந்ததைத் திரட்டினோம். கிளையன்ட் தன் பக்கத்தில் போட்டிருந்த 16 வீடியோவில் 11 இன்னும் அங்கேயே இருந்தன. அவளுடைய கணினியில் கிடந்த எடிட் கோப்புகளின் தேதிகளோடு அவற்றைச் சேர்த்து மூன்று பக்கத்தில் பதில் எழுதி, பதிலுக்குக் கொடுத்த நாள் முடிய முன்னர் மாமாவைக் கொண்டு ஏற்றினோம். எடுபடவில்லை.

இப்போது தங்கச்சி மாதம் 20,000 ரூபாய்ப்படி மாமாவின் பெயரில் ஊர்க் கணக்கில் போடுகிறாள். அவர் வேண்டாம் என்கிறார். அவள் கேட்கவில்லை. மச்சாள் இன்னும் கதைக்கவில்லை என்று தாய் போன கிழமை சொன்னார்.