லேஞ்சி கட்டினால் மரத்தூள் நிற்காது

பேஸ் கிற்றார் செய்யப் பழக வருகிறவர்களில் இன்னுமொரு தம்பி போன கிழமை கண்ணிமை வீங்கி, முழங்கை வரை சொறிந்துகொண்டு வந்து நின்றார். இரவில் இருமலும் இருக்கிறதாம். நண்டு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று வீட்டில் நண்டுக் கறியை நிறுத்தியிருக்கிறார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: வீட்டில் வைத்து எந்த மரத்தைத் தேய்த்தீர்கள்? முதிரை. மூக்குக்கு என்ன போட்டீர்கள்? "லேஞ்சி கட்டினனான் சேர்."

வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அங்கும் மரத்தூள் என்றுதான் சொன்னார்கள். பட்டறையில் வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதிரை எங்கள் வன்னிக் காட்டு மரம். மினுக்கினால் பொன்னிறத்தில் பளபளக்கும், ஆசைப்படாதவர் இல்லை. அதன் தூள் தோலில் பட்டால் பலருக்குக் கடியும் கொப்புளமும் வரும் என்பது தச்சுத் தொழிலில் பழைய செய்தி. கருங்காலித் தூளும் லேசுப்பட்டதல்ல. வேம்பைத் தேய்த்தவருக்குத் தொண்டைக் கசப்பு தெரியும். ஆனால் புதிதாக வருகிற பிள்ளைகள் வார்னிஷுக்குப் பயப்படுகிறார்கள், தின்னருக்குப் பயப்படுகிறார்கள், மரத்துக்கு மட்டும் பயப்படுவதில்லை. "இயற்கைதானே சேர்." பூச்சி, பூஞ்சை அரிக்காமல் இருக்க மரம் தன் உடம்பில் சேர்த்து வைத்திருப்பதும் இரசாயனம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் முதலாம் பிரிவில் மரத்தூளை 1995இல் சேர்த்தது. மூக்கிலும் சைனஸிலும் வருவது. ஒரு கிற்றார் செய்தவுடனே வந்துவிடும் என்று யாரையும் வெருட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் தூளில் நின்றவர்களுக்கு வருவது அது. ஆனால் முதல் கிற்றாரில் பழகுகிற பழக்கம்தான் பத்தாவது கிற்றாரிலும் இருக்கும்.

சரி, லேஞ்சிக்கு வருவோம். லேஞ்சியைக் கழற்றினால் வெளிப்பக்கம் மஞ்சளாகத் தூள் படிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்: "பாருங்கோ, எவ்வளவு பிடிச்சிருக்கு!" பிடித்தது பருந்தூள். அதை மூக்கு மயிரே பிடித்துவிடும். நெஞ்சுக்குள் இறங்குகிற தூள் 10 மைக்ரோனுக்கும் குறைவானது. தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். பருத்தித் துணியின் இழை இடைவெளி அந்தத் தூளுக்கு அகலத் திறந்த கதவு. ஈரமாக்கிக் கட்டினாலும், இரண்டாக மடித்துக் கட்டினாலும், மூக்கின் இரு பக்கமும் இருக்கிற இடைவெளியால் காற்று உள்ளே வரத்தான் செய்யும். கொரோனா நேரம் வாங்கி மிஞ்சிய நீல மாஸ்க்குக்கும் அதே குறை. அதுவும் முகத்தோடு ஒட்டாது.

நம்பாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். தேய்ப்பு முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, கதவு யன்னலைச் சாத்தி, ரோச் லைற்றை மேசைக்குக் குறுக்கே அடியுங்கள். வெளிச்சம் போகிற பாதை முழுக்க தூள் மிதந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெளிவாக இருந்த அறை அது. "வேலை முடிஞ்சுது" என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அங்கேயே இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள் குடித்தது அந்தக் காற்றில்தான்.

பேஸில் தேய்ப்பு வேலை அதிகம். 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) என்றால் விரற்பலகையும் நீளம், உடலும் பெரிது. உடலின் வளைவு, பிக்கப் (தந்தியின் ஒலியைப் பிடிக்கும் கருவி) குழி, வயர் குழி, நெக் பொருந்தும் இடம் எல்லாம் ரவுட்டரும் (மரத்தைக் குடையும் மின்கருவி) சாண்ட் பேப்பரும்தான். விரற்பலகையை வளைவுக்கட்டையால் தேய்க்கும்போது மட்டத்தைப் பார்க்க எல்லோரும் முகத்தைப் பலகைக்குச் சாண் தூரத்துக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் கருங்காலியைத் தேய்ப்பதும் அப்போதுதான்.

இன்னொன்று, இது எங்கள் மண்ணுக்கே உரியது. போர் நடந்த காணிகளில் நின்ற மரத்துக்குள் செல் துண்டும் சன்னமும் இருக்கலாம். மரக்காலைக்காரரைக் கேளுங்கள், வாள் பல்லு போன கதை சொல்வார்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிற ரவுட்டர் பிட் இரும்பில் பட்டால் உடைந்து எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பலகையில் காரணமில்லாத நீலக்கறுப்புக் கறை இருந்தால், உள்ளே இரும்பு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் போதாது, ஈயமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா. உலோகம் காட்டும் கருவியால் பார்க்காத பலகையை ரவுட்டருக்குக் கொடுக்காதீர்கள். கண்ணாடி போடாமல் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டும் தொடாதீர்கள், அது சுற்றி இழுக்கும்.

என்95 மாஸ்க் வாங்குங்கள். 0.3 மைக்ரோன் தூளிலும் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. தம்பிமாரே, கிற்றார் முடியும் மட்டும் தாடியை எடுங்கள், பிறகு வளர்க்கலாம். வெளியில் வைத்துத் தேய்ப்பதென்றால் சோளகக் காற்று உங்கள் பக்கவாட்டில் வீசும்படி நில்லுங்கள். முதுகில் வீசினால் தூள் சுழன்று முகத்துக்கே வரும். காத்தாடி போடாதீர்கள். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், கொம்பிரசரால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். தேய்த்த சேர்ட்டோடு போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். உடுப்பைத் தோய்க்கிற அம்மாவுக்கும் அதே தூள்தான்.

முதிரைதான் வேண்டும் என்றால் மேற்பலகைக்கு மட்டும் மெல்லியதாகப் போடுங்கள். முழு உடலும் முதிரை என்றால் பாரத்தில் தோள்மூட்டு தாங்காது.

முட்டு (ஆஸ்துமா) இருக்கிற பிள்ளைகள், தயவுசெய்து அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். வகுப்பிலிருந்து யாரும் அனுப்ப மாட்டார்கள். வயர் ஒட்டும் வேலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள், ஈயப்பற்றுப் புகையிலும் முட்டு வரும். உங்களுக்குச் சீவுளியும் ஸ்கிரேப்பரும் தருகிறோம். அவை சுருள் சுருளாகச் சீவும், தூள் மிகக் குறைவு. வேலை மெதுவாகத்தான் போகும், அதற்கேற்ப நேரம் ஒதுக்கித் தருவோம். முட்டுக்கு இழுக்கிற பம்பை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.