ஒலித்தொகுப்பி: சிந்தசைசருக்கு ஒரு தமிழ்ச் சொல்

அக்காவின் மகள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறைக்குள் இருந்து, தனி ஆளாக எட்டுப் பாட்டுகளைச் செய்து முடித்திருக்கிறாள். வரிகள், மெட்டு, குரல் எல்லாம் அவளுடையவை. மற்ற ஒலி அத்தனையும் மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் என்ற கருவியிலிருந்து வருபவை. குரல் பதியும்போது மட்டும் கரையோர ரயில் கடந்து போகும்வரை காத்திருப்பாள். போன கிழமை கேட்டாள்: "சித்தி, ஆல்பத்தின்ர அட்டையில தமிழிலதான் போடவேணும். சிந்தசைசருக்கு என்ன எழுதுறது? ஓகன் எண்டு போடலாமா?"

போடக்கூடாது. கலியாண வீட்டில் வாசிக்கிற கட்டை வாத்தியம் எல்லாமே நமக்கு ஓகன்தான். ஆனால் ஓகன் என்ற பெயர் குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பழைய வாத்தியத்துக்கு உரியது. சிந்தசைசரில் காற்றும் இல்லை, தந்தியும் இல்லை. மின்சுற்று அலையை உண்டாக்கும், அந்த அலையிலிருந்து ஒலியை நாம் கட்டவேண்டும்.

கிரேக்கத்தில் 'சின்' என்றால் ஒன்றாக, 'திதெனாய்' என்றால் வைத்தல். ஒன்றாக வைப்பதுதான் சிந்தசிஸ். இதற்கு எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழில் சொல் எப்போதோ வந்துவிட்டது. இலை வெயிலில் உணவு ஆக்குவதைத் தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை என்பார்கள், இங்கே உயிரியல் படித்தவர்களுக்கு அது ஒளித்தொகுப்பு. புரதத் தொகுப்பும் அதே வழியில் வந்ததுதான். அப்படியென்றால் ஒலியைத் தொகுக்கும் கருவி ஒலித்தொகுப்பி.

"சேர்க்கிறதுதானே, இணைப்பி எண்டாலும் சரிதானே?" என்றாள். சரியில்லை. அவளுடைய கருவியையே எடுத்துக்கொள்வோம். முதலில் வாள்பல் போன்ற அலை ஒன்றை எழுப்புகிறாள். காது கூசும் இரைச்சல் அது. பிறகு வடிகட்டியின் திருகை மெல்ல இடப்பக்கம் திருப்புகிறாள். கூர்மையான மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக உதிர, கதவுக்குப் பின்னால் யாரோ பாடுவதுபோல ஒரு மென்மை மிஞ்சுகிறது. 1964 இல் அமெரிக்காவில் றொபேட் மோக் உருவாக்கிய கருவியும் (மூக் என்று பலர் சொன்னாலும் அவர் தன் பெயரைச் சொன்னது மோக் என்றுதான்) இந்த வழியில் போனதுதான்: நிறைய ஒலியை எடுத்து, வேண்டாததை நீக்குவது.

தமிழில் தொகுத்தலுக்கும் இந்த இரண்டு வேலையும் உண்டு. எட்டுத்தொகையில் அது திரட்டுவது. இலக்கணத்துக்குள் வந்தால் அது மறைப்பது. 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு மறைந்திருப்பதால் வேற்றுமைத்தொகை. செய்யுளில் 'சிறிய இலை' ஓர் எழுத்தை விட்டு 'சிறியிலை' ஆனால் அது தொகுத்தல் விகாரம். கூட்டுவதையும் குறைப்பதையும் ஒரே வினையில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. இணைப்பி, சேர்ப்பி என்ற சொற்களில் பாதி வேலைதான் இருக்கிறது. 'செயற்கை இசைக்கருவி' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தத் திருகை எங்கே நிறுத்துவது என்று அவள் அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டதில் செயற்கை எதுவும் இல்லை.

அவளுடைய பாட்டுகள் சிந்த்-பொப், அதாவது சிந்தசைசரில் கட்டிய பொப் வகை. இதில் பொப் என்பதை மாற்றத் தேவையில்லை. ஏ.ஈ.மனோகரனைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடிய நாட்டில் அது வீட்டுச் சொல். ஆகவே சிந்த்-பொப் என்பதைத் தொகுப்பொலிப் பொப்பிசை என்று எழுதினோம்.

மிச்சம் இருந்தது ஆல்பம். லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமில் அறிவித்தல் எழுதிய வெண்பலகைதான் ஆல்பம். பிறகு அது வெற்றுத்தாள் புத்தகமாகி, இசைத்தட்டுகளை உறைகளில் இட்டுப் புத்தகம்போலக் கட்டியபோது பாட்டுலகத்துக்கும் வந்தது. இதற்கு இசைத்தொகுப்பு என்பது நல்ல சொல்தான். ஆனால் ஒலித்தொகுப்பியும் இசைத்தொகுப்பும் ஒரே அட்டையில் முட்டிக்கொள்ளும். இறுவட்டு (சீடி) என்று போடவும் வழியில்லை, அவள் வட்டே போடவில்லை, இணையத்தில்தான் விடுகிறாள். கசற் காலத்திலிருந்து நாம் சொல்லிவந்த இசைப்பேழை பொருந்தியது.

அட்டையின் மாதிரி நேற்று வந்தது. 'குரல், ஒளித்தொகுப்பி' என்று இருந்தது. ளி போட்டால் அவள் இலையாகிவிடுவாள். லி என்று திருத்தி அனுப்பியிருக்கிறோம்.