இரவெல்லாம் சர்க்கரை செய்யும் கல்லீரல்

"டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்து சில வாரம்தான் ஆகிறது. மாவுச்சத்தை அறவே விட்டுவிடு என்கிறார் ஒருவர். கொழுப்புதான் வினை, எண்ணெயைக் குறை என்கிறார் இன்னொருவர். ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்கிறார் ஒருவர், பட்டினி கிடக்கச் சொல்கிறார் மற்றவர். நான் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டேன். அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால், படுக்கப் போகும்போது இருந்ததைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. யார் பேச்சைக் கேட்பது?" என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அவர் போகிற போக்கில் சொன்ன அந்தக் காலைக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு 140, காலை ஆறு மணிக்கு 165. நடுவில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அப்படியானால் ஏறிய சர்க்கரை எங்கிருந்து வந்தது?

மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைவதும், கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பதும், அந்த இன்சுலின் தசைகளுக்குள் குளுக்கோஸை அனுப்புவதும் பள்ளியிலேயே படித்தவை. நம் ரத்தத்தில் எவ்வளவு கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது என்பதைத்தான் அங்கே அழுத்திச் சொல்வதில்லை. எழுபது கிலோ எடையுள்ள, நோயில்லாத ஒருவரின் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருப்பது 4, 5 கிராம். ஒரு தேக்கரண்டி! மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் கேட்கிறது. இரவில் யாரும் ஊற்றிக்கொண்டே இராவிட்டால் அந்தத் தேக்கரண்டி ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. ஊற்றுவது கல்லீரல். மணிக்கு ஏறத்தாழ 8 கிராம் குளுக்கோஸை அது ரத்தத்தில் விடுகிறது. கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்த குளுக்கோஸை உடைத்துக் கொஞ்சம் எடுக்கிறது. லாக்டேட், அமினோ அமிலங்கள், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து புதிதாகவும் செய்கிறது. அளவு மீறாமல் அதைக் கட்டுப்படுத்துவது இன்சுலின்.

டைப் 2 நோயில் இந்தக் கட்டுப்பாடுதான் தளர்கிறது. காரணம், கல்லீரலுக்குள் சேரும் கொழுப்பு. கொழுப்பு உருவாகும் வழியில் வரும் டைஅசைல்கிளிசரால் என்ற மூலக்கூறு, இன்சுலின் ஏற்பியின் சமிக்ஞையைப் பாதியிலேயே மறித்துவிடுகிறது என்பது இன்றிருக்கும் வலுவான விளக்கங்களில் ஒன்று.

அதற்கடுத்த கட்டம் இன்னும் விசித்திரமானது. கல்லீரலுக்கு இன்சுலின் இரண்டு கட்டளை இடுகிறது: சர்க்கரை செய்வதை நிறுத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக்கு. நோயுற்ற கல்லீரல் முதல் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டாவதை மட்டும் முழு மூச்சாக நிறைவேற்றுகிறது! கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 2008இல் இந்த முரணை எடுத்துக்காட்டினார்கள். விளைவைப் பாருங்கள். சர்க்கரை ஏறுவதால் கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் கல்லீரலில் இன்னும் கொழுப்பைச் சேர்க்கிறது. கொழுப்பு கூடக் கூட, முதல் கட்டளை இன்னும் கேட்காமல் போகிறது. நிரம்பி வழியும் கொழுப்பு ரத்தத்தின் வழியே கணையத்துக்கும் போய், பீட்டா செல்களைச் செயலிழக்க வைக்கிறது.

இந்த இரட்டைச் சுழலை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லர் 2008இல் முன்வைத்தார். சுழல் என்றால் பின்னோக்கியும் சுழல வேண்டும் அல்லவா? நோயாளிகள் 11 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 166இலிருந்து 106க்கு இறங்கியிருந்தது, கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. சேர்த்து வைத்த கொழுப்பை உடல் எரிக்கத் தொடங்கும்போது சீக்கிரமே கை வைப்பது கல்லீரல் கொழுப்பில்தான். எத்தனை முறை படித்தாலும் அந்த ஏழு நாள் என்னை வியக்க வைக்கிறது. பிறகு 306 பேரிடம் நடந்த 'டைரக்ட்' ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தத்தில் 36 சதவீதமாகக் குறைந்தது. எடை திரும்ப ஏறினால் நோயும் திரும்புகிறது.

இனி அறிவுரைகளுக்கு வருவோம். மாவுச்சத்தைக் குறைத்தால் சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை அன்றைக்கே இறங்கும், உள்ளே வருவதே குறைவு என்பதால். ஆனால் கல்லீரல் கொழுப்பு கரைய மொத்தக் கலோரி குறைய வேண்டும். அதை மாவுச்சத்தில் குறைத்தாலும் கொழுப்பில் குறைத்தாலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்குகிறது. சர்க்கரை நோய் இல்லாத 609 பேரிடம் ஸ்டான்ஃபோர்டில் ஓராண்டு நடந்த ஆய்வு 2018இல் இதைக் காட்டியது. ஒருவர் சாப்பிட்ட பின் பார்க்கும் எண்ணை வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் எடையை வைத்துப் பேசுகிறார். எல்லோருக்கும் பொருந்தும் மாவுச்சத்து, புரத, கொழுப்பு விகிதம் என்று ஒன்று இல்லை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019இல் சொல்லிவிட்டது. ஆறு வேளை விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. பிராகில் 54 நோயாளிகளிடம் ஒரே கலோரியை இரண்டு வேளையாகவும் ஆறு வேளையாகவும் கொடுத்துப் பார்த்தபோது, எடையும் கல்லீரல் கொழுப்பும் இரண்டு வேளையில்தான் கூடுதலாகக் குறைந்தன.

சர்க்கரையை வேரோடு அழிப்பதாகச் சொல்லி விற்கும் பொடிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்சுலினை நம்பியே உயிர்வாழ்பவர் அந்தப் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதே சமயம், குறைவாகச் சாப்பிடுவதற்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் உணவு ஆய்வுக்குப் பணம் போட ஆள் கிடைப்பதில்லை. டைரக்ட் ஆய்வுக்கே பெரும்பணம் கொடுத்தது 'டயபெட்டிஸ் யூகே' என்ற தொண்டு நிறுவனம். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகச் செலவிட வேண்டும்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா? உடல் எடைக் குறியீட்டெண் 27க்குக் கீழே இருந்த 20 நோயாளிகள் எடையைக் குறைத்தபோது 14 பேருக்கு நோய் தணிந்தது. ஒருவரின் உடல் எவ்வளவு கொழுப்பைத் தாங்கும் என்ற எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்கிறார் டெய்லர்.

கேள்வி கேட்டவர் எந்த முறைக்கு மாறினாலும், மாறுவதற்கு முன்னால் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிவிட வேண்டும். கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். பெயரின் முடிவில் 'கிளிஃப்ளோசின்' என்று வரும் மாத்திரைகளை எடுப்பவருக்கு, சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் இருக்கிறது. டைரக்ட் ஆய்விலும் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தியது மருத்துவக் குழுதான்.