தவறான கவுண்டியில் தேடப்பட்ட திருமணம்

1860 மே மாதம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஆபிரகாம் லிங்கன் தேர்வாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. கென்டக்கி மாநிலம் எலிசபெத்டவுனிலிருந்து சாமுவேல் ஹேகிராஃப்ட் என்பவர் அவருடைய பூர்வீகத்தை விசாரித்துக் கடிதம் எழுதியிருந்தார். அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட ஹார்டின் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நெடுங்காலம் ஆவணங்களைக் காக்கும் கிளார்க்காக இருந்த மனிதர். ஊரின் பழைய காகிதங்களெல்லாம் அவருக்கு அத்துபடி. அவரே லிங்கனின் தாய் யார் என்பதில் தவறிவிட்டார். லிங்கன் பதிலில் திருத்தினார்: சாலி ஜான்ஸ்டன் என் தந்தையின் இரண்டாவது மனைவி, என் தாய் நான்சி ஹாங்க்ஸ்.

தவறு நேர்ந்ததில் வியப்பில்லை. தாமஸ் லிங்கனும் சாராவும் (சாலி என்பது அவரை அழைத்த பெயர்) 1819 டிசம்பர் 2 அன்று எலிசபெத்டவுனில்தான் மணந்தார்கள். அதற்கான பதிவு ஹார்டினில் இருந்தது. நான்சியுடன் நடந்த முதல் திருமணத்துக்கு அங்கே ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி முளைத்தது. முறையான திருமணம் இல்லாமல் பிறந்தவர் லிங்கன் என்ற பேச்சு அவர் காலத்திலும் பிறகும் உலவியது.

அதே கடிதத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. தான் பிறந்த இடம் ‘அப்போது’ ஹார்டின் கவுண்டியில் இருந்தது என்கிறார் லிங்கன். அமெரிக்காவில் வம்சாவளி தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது அந்த ‘அப்போது’வைத்தான். 1809இல் அவர் பிறந்த பண்ணை ஹார்டினில் இருந்தது. 1843இல் அந்தப் பகுதியைப் பிரித்து லரூ என்று புதிய கவுண்டி அமைத்தார்கள். பண்ணை நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

கவுண்டி என்பதை வெறும் நிலப்பிரிவாக நினைத்துவிடக் கூடாது. அக்கால அமெரிக்கரின் வாழ்க்கைக் காகிதம் முழுவதும் கவுண்டி நீதிமன்றத்தில்தான் சேர்ந்தது: நிலப் பத்திரம், உயில், வரிப் பட்டியல், திருமணம் எல்லாமே. வழக்குக்கோ பத்திரப் பதிவுக்கோ குதிரையில் அங்கே போய்த் திரும்ப வேண்டும். குடியேற்றம் பெருகியபோது, தொலைவில் இருந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு நீதிமன்றம் கேட்டார்கள். சட்டமன்றம் பிரித்துக் கொடுத்தது. 1792இல் கென்டக்கி தனி மாநிலமானபோது 9 கவுண்டிகள் இருந்தன, இன்று 120. அதற்கு முன் அந்த நிலப்பரப்பு வர்ஜினியாவின் ஃபின்காசில் என்ற ஒரே கவுண்டியில் அடங்கியிருந்தது. 1776இல் ஃபின்காசிலைக் கலைத்தார்கள். அதன் காகிதங்களைத் தேடுபவர் கென்டக்கியில் அலைந்து பயனில்லை. அவை வர்ஜினியாவின் மான்ட்கோமரி கவுண்டியில் இருக்கின்றன.

பிரிவினையில் நிலம் போகும், புத்தகங்கள் போகாது. புதிய கவுண்டியின் கிளார்க் வெற்றுப் பதிவேடுகளோடு வேலையைத் தொடங்குவார். பழையவை தாய்க் கவுண்டியின் அலமாரியிலேயே தங்கிவிடும். அதனால் லரூவின் தலைநகரான ஹாட்ஜென்வில்லில் 1809ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் கேட்டால் கிடைக்காது, எலிசபெத்டவுனுக்குத்தான் போக வேண்டும். இந்தத் தேடலுக்கென்றே சிகாகோவின் நியூபெரி நூலகம் ஒரு வரலாற்று வரைபடத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. நாளைக் குறிப்பிட்டால், அந்த நாளில் எந்தக் கவுண்டியின் கோடு எங்கே ஓடியது என்று காட்டும். என்னைக் கேட்டால், பெயரைத் தேடத் தொடங்குமுன் இதைத்தான் திறக்க வேண்டும். பலர் செய்வதில்லை.

லிங்கன் குடும்பத்துக்கு இந்தக் கோடுகளோடு நீண்ட உறவு. தாத்தா, அவர் பெயரும் ஆபிரகாம்தான், வாழ்ந்த இடம் வர்ஜினியாவின் அகஸ்டா கவுண்டி. தாமஸ் பிறந்த 1778இல் அது ராக்கிங்காம் ஆனது. கென்டக்கிக்குக் குடிபெயர்ந்த பிறகு, 1786இல் தாத்தா கொல்லப்பட்டார். கைம்பெண்ணான பாட்டி பிள்ளைகளோடு குடியேறிய இடம் அன்று நெல்சன் கவுண்டி, 1792இல் வாஷிங்டன் கவுண்டி. ஹார்டினும் நெல்சனிலிருந்து பிரிந்ததுதான். தாமஸ் குடும்பம் 1816இல் இந்தியானாவின் பெர்ரி கவுண்டிக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் அந்த இடம் ஸ்பென்சர் கவுண்டி ஆகிவிட்டது!

தொலைந்த திருமணத்துக்கு வருவோம். இங்கே எல்லைக்கோட்டை மட்டும் பார்த்தால் போதாது, வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். கென்டக்கியில் மணமகன் முதலில் ஒரு பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். திருமணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறேன் என்று ஆளுநர் பெயருக்கு அவரும் ஒரு ஜாமீன்தாரரும் கையெழுத்திடுவார்கள். டாலர் வந்த பின்னும் பவுண்டிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். கிளார்க்குகள் பழைய வாசகத்தை லேசில் விடுவதில்லை. திருமணம் உண்மையில் நடந்ததற்கு இது சான்றல்ல, நடத்தும் எண்ணத்துக்கு மட்டுமே. நடத்தி வைத்த போதகர் பின்னர் கிளார்க்குக்கு அனுப்பும் பட்டியல்தான் சான்று. முக்கியமாக, பிணைப்பத்திரம் வழக்கமாக மணமகள் வசித்த கவுண்டியில் எழுதப்பட்டது. மணமக்கள் பிறகு எங்கே குடித்தனம் நடத்தினார்கள் என்பது இதில் செல்லாது.

தாமஸும் நான்சியும் குடித்தனம் நடத்தியது ஹார்டினில். மூத்த மகள் சாரா 1807இல் எலிசபெத்டவுனில் பிறந்தாள். எல்லோரும் அங்கேயே தேடினார்கள். நான்சி திருமணத்துக்கு முன் இருந்ததோ வாஷிங்டன் கவுண்டியில், பெர்ரி குடும்பத்தாரோடு. அதன் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டின் நீதிமன்றத்தில், லிங்கன் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, 1878இல் காகிதங்கள் கிடைத்தன. 1806 ஜூன் 10 தேதியிட்ட பிணைப்பத்திரம். ஜூன் 12 அன்று நடந்த திருமணத்தைக் குறித்த, மெதடிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி ஹெட்டின் பட்டியல். 72 ஆண்டுகள் அவை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

தப்பியதும் அதிர்ஷ்டம்தான். வர்ஜினியாவின் பல கவுண்டிகள் உள்நாட்டுப் போரின்போது தங்கள் ஆவணங்களைப் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தது, அவையும் எரிந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஈடுகட்டலாம் என்றால், 1850க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கை. ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் திருமணக் காகிதம்தான் கதி.

அந்தக் காகிதமும் நான்சி விஷயத்தில் ஒரு புதிரை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஜாமீன் கையெழுத்திட்ட ரிச்சர்ட் பெர்ரியின் பெயரோடு ‘பாதுகாவலர்’ என்று எழுதியிருக்கிறது. நான்சி பிறந்தது 1784 என்று கொள்ளப்படுகிறது. அப்படியானால் 1806இல் அவருக்கு 22 வயது; 21 கடந்த பெண்ணுக்குப் பாதுகாவலர் சம்மதம் தேவையே இல்லை. தந்தையின் இடத்தில் வேறொருவர் ஏன் நின்றார்? நான்சியின் தாய் லூசி ஹாங்க்ஸ் என்பதை 2015இல் வெளியான, தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஆய்வு உறுதிசெய்தது. தந்தை யார் என்பதை அந்த டி.என்.ஏ. சொல்லாது, பிணைப்பத்திரத்திலும் அவர் பெயர் இல்லை.